சாரதியின் மனுசி

"நாளைக்கு விடியச் சாரதியும் மனுசியும் உங்கட வீட்டை வருகினம் அக்கா. மனுசிக்கு உங்கட குசினியில ஏதோ சமைக்கவேணுமாம்," என்று யோகேஸ்வரன் ஃபோனில் சொன்னான். ராஜகுமாரி ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன், சாரதியின்ட மனுசிக்குச் சமைக்க வேற இடமில்லையோ?"

"அவருக்கு வயிறு சரியில்லையாம். மனுசி தன்ர கையாலதான் குடுப்பாவாம். வைக்கிறன் அக்கா, கடையில சனம் நிக்குது."

யாழ்ப்பாணத்துக்காரருக்குச் சாரதி என்றால் வாகனம் ஓட்டுகிறவர். சென்னையில், பார்த்தசாரதி என்ற பெயரின் முன்பாதியை வெட்டிவிட்டு இருபத்திரண்டு வருஷமாகக் கதாநாயகனாக நடித்துக்கொண்டிருக்கும் ஒருவர் உண்டு என்பது ராஜகுமாரிக்குத் தெரியாது. அவள் கடைசியாகத் தியேட்டரில் படம் பார்த்தது எண்பத்தொன்றில். பிறகு கலவரம், கொழும்பு, மதராஸ், சிட்னி. லிட்கம்மில் வீடு வாங்கி, வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் தட்டு நிரப்பப் போகத் தொடங்கிப் பதினைந்து வருஷமாகிறது. சினிமா பார்க்க யாருக்கு நேரம்?

அது இரண்டாயிரத்திரண்டாம் ஆண்டு ஓகஸ்ட். இரண்டு பாட்டு எடுக்கவென்று சென்னையிலிருந்து பதினெட்டுப் பேர் வந்து இறங்கியிருந்தார்கள். அவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாட்டுப் பொறுப்பு யோகேஸ்வரனுக்கு. அவனிடம் இருந்தது மளிகைக் கடை. சமைக்கத் தெரிந்தவள் ராஜகுமாரி. இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டு நின்றாள்.

மறுநாள் ஐந்தரைக்கு வாசலில் இரண்டு பேர். அவர் தொப்பியும் மஃப்ளருமாக, முகத்தில் தூக்கம் கலையாமல் நின்றார். அவள் பருத்திச் சேலைக்கு மேல் ஆண்பிள்ளைக் கோட் போட்டிருந்தாள். மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி.

"உள்ளுக்கு வாங்கோ தங்கச்சி. தம்பி, நீங்கள் அந்தக் காரின்ட டிக்கியில இருக்கிற அரிசிமூட்டையை ஒருக்கா உள்ளுக்கு எடுத்துத் தாங்கோவன். என்ர மனுசனுக்கு நாரி நோகுது, குனிய ஏலாது."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் அவர் கையைத் தொட்டு, முகத்துக்கு நேரே நின்று, "அரிசிமூட்டை. கார்ல," என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள். அவர் போய் இருபது கிலோ மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் புரொடக்‌ஷன் மேனேஜர் நரசிம்மன் தன் வான் வண்டியில் வந்து இறங்கினார்.

"ஐயோ, சார்! என்ன சார் இது! யாருங்க சாரை மூட்டை தூக்க விட்டது?"

"நான்தான். ஏன், சாரதிமார் உங்கட ஊரில மூட்டை தூக்கமாட்டினமோ?"

நரசிம்மனுக்கு மூச்சே நின்றுவிட்டது. விஷயம் விளங்கியபோது ராஜகுமாரிக்கும் நின்றது. சாரதியின் மனைவி வேதவல்லிதான் குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"விடுங்கக்கா. அவரை ஒருத்தர் வேலை வாங்கி எத்தனை வருஷமாச்சு! என்னை மேடம்னு கூப்பிட்டுடாதீங்க. தங்கச்சின்னே கூப்பிடுங்க."

அன்றிலிருந்து தினமும் விடிய வந்தார்கள். வேதவல்லி குசினியில் ஒரு அடுப்பைப் பிடித்துக்கொண்டு புருஷனுக்குக் குழைந்த சோறும் மிளகு ரசமும் வைப்பாள். பக்கத்து அடுப்பில் பதினெட்டுப் பேருக்கு இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் சம்பலும். இவள் ரசம் வைப்பதென்னவோ உண்மை. ஆனால் அவர் இடியப்பத்தைக் கண்டதும் ரசத்தைத் தள்ளிவைத்துவிடுவார். வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை.

முதல் நாள் ராஜகுமாரி சொதியை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "காணுமோ?"

அவர் தட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். வேதவல்லி மேசைக்கு அடியில் குனிந்தாள்.

"எதைக்கா காணோம்?"

"ஒண்டும் காணாமல் போகேல்லை பிள்ளை. போதுமோ எண்டு கேக்கிறன். எங்கட ஊரில காணும் எண்டால் போதும்."

"எங்க ஊர்ல காணும்னா தொலைஞ்சு போச்சுன்னு அர்த்தம்!"

அடுத்த நாளிலிருந்து ராஜகுமாரியின் உதடு "காணுமோ" என்று குவிந்தாலே அவர் உள்ளங்கையை விரித்துத் தட்டின் மேல் மூடியாகப் பிடிப்பார். நாலாவது இடியப்பத்துக்குப் பிறகுதான் அந்தக் கை விரியும்.

நரசிம்மன் சாப்பிட உட்கார்ந்தால் வாய் மூடாது. அவர்கள் இருவரும் வெளியில் போன பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்.

"மேடம் அந்தக் காலத்துல எட்டுப் படம் ஹீரோயின்மா. கல்யாணத்தோட நிறுத்திட்டாங்க. நிறுத்திட்டு என்ன, இப்ப சார் படம் மொத்தமும் அவங்க கையிலதான். கதை கேக்குறது அவங்க. ஹீரோயின் யாருன்னு சொல்றது அவங்க. ஷாட் எடுக்கறப்போ கேமராவுக்குப் பக்கத்துல போய் நின்னுக்குவாங்க. சார் டைரக்டரைப் பார்க்க மாட்டாரு, அவங்களைத்தான் பார்ப்பாரு. டைரக்டர் சேஷாத்ரி பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறாரு."

"மனுசியைப் பாக்கிறதில என்ன பிழை?"

"பாக்கட்டும்மா. பாட்டுல கை வைக்கலாமா? இங்க எடுக்குறோமே, இது வெஸ்டர்ன் டியூன். அதுக்கு ஆரம்பத்துல தவில் அடிக்கணுமாம்! மியூசிக் டைரக்டர் அழாத குறை. பத்திரிகைல கார்ட்டூனே போட்டாங்க, சார் கழுத்துல சேலைத் தலைப்பைக் கட்டி மேடம் இழுக்குற மாதிரி."

ராஜகுமாரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தன் குசினியில் புளி கரைக்கிற இந்தப் பெண்ணையும் கார்ட்டூனில் இழுக்கிற பெண்ணையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது?

ஐந்தாவது நாள் அது விளங்கியது. பின்வளவில் எலுமிச்சை மரத்தடியில் இரண்டு கதிரை போட்டு, அவள் புருஷன் கணேசலிங்கமும் சாரதியும் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். ராஜகுமாரி கொடியில் துணி போட்டபடி அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தக் குளிர் உங்களுக்குப் பழக்கமில்லை, என்ன?" கணேசலிங்கம்.

"ரெண்டு பையன். மூத்தவன் காலேஜ்," என்றார் சாரதி.

"ஓம், ஓகஸ்டில காத்துத்தான் கூட."

"ஆமா, கொஞ்சம் முரடு."

"செப்ரெம்பரில அடங்கிவிடும்."

"அடங்கிடுவான், அடங்கிடுவான். கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்."

"அதுதானே!" என்று கணேசலிங்கம் தொடையில் தட்டினார். இருவருக்கும் பரம திருப்தி.

ராஜகுமாரியின் கையிலிருந்த துணிக் கிளிப் கீழே விழுந்தது. கணேசலிங்கம் பதினேழு வருஷம் ஒரு தொழிற்சாலையில் தகரம் அழுத்தும் மெஷினில் நின்றவர். வலது காது அறவே போய்விட்டது, இடது அரைவாசி. காது மெஷின் இருக்கிறது, சீனி வைக்கும் தகரப்பேணிக்குப் பக்கத்தில். போடமாட்டார். அவரோடு தெருவில் போனால் ராஜகுமாரி எப்போதும் இடப்பக்கம். ஏதும் சொல்லுமுன் கையைத் தொடவேண்டும். முகத்துக்கு நேரே நிற்கவேண்டும்.

முதல் நாள் வாசலில் வேதவல்லி செய்தது அதேதான்.

குசினிக்குள் போனாள். வேதவல்லி ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் காது?"

"என்னக்கா?"

"என்ர மனுசனுக்கு வலது. உங்கட அவருக்கு எது?"

கடுகு வெடித்துக் கருகியது. வேதவல்லி அடுப்பை அணைக்கவில்லை. ராஜகுமாரிதான் எட்டி அணைத்தாள்.

"ரெண்டும்," என்றாள் வேதவல்லி. கருகிய தாளிப்பைக் கொட்டிவிட்டு, "ஆறு வருஷமாச்சு. முதல்ல ஒரு சண்டைக் காட்சியில பக்கத்துல வெடி வெடிச்சுது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா... தவில் மட்டும் நெஞ்சுல வந்து இடிக்குதுங்கிறாரு. அதுக்குத்தான் ஒவ்வொரு பாட்டு ஆரம்பத்துலயும் தவில் கேக்குறேன். இங்க கடற்கரைக் காத்துல அதுவும் எட்டாது."

"அப்ப எப்பிடி நடிக்கிறவர்?"

"பாட்டு ஆரம்பிக்கறப்போ கையை நல்லா ஒசத்தி மூக்குத்தியைத் தொடுவேன். அது போதும். வரியெல்லாம் உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும், ஒரு இம்மி பிசகாது. டப்பிங்ல பக்கத்துல உக்காந்து தொடையில தட்டுவேன்."

"டொக்டரிட்டக் காட்டேல்லையோ? மெஷின் இருக்கே."

"காட்டினா அன்னிக்கே பேப்பர்ல வந்துடும். ஊருக்குப் போனதும் இந்தப் புரொடியூசரே மூணு படத்துக்குக் கையெழுத்துப் போடறாரு. ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் போச்சு. அவருக்கு வேற வேலை தெரியாதுக்கா. வீட்டுல சும்மா உக்கார வச்சா செத்துப் போயிடுவாரு. என்னைப் பேய்னு சொல்லட்டும், பிடாரின்னு சொல்லட்டும். அவரைச் செவிடுன்னு சொல்லக் கூடாது." முகத்தைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். "நானும் அவரும்கூட இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினது கிடையாது. சத்தியம் பண்ணுங்க, யார்கிட்டயும் சொல்லமாட்டீங்கன்னு."

ராஜகுமாரி அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

நாலு நாள் அந்தச் சத்தியம் நின்றது. ஒன்பதாம் நாள் பின்னேரம் ஐந்து மணியிருக்கும். கணேசலிங்கம் அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்க்காமல், அவள் கழிவறையிலிருந்து கத்தியதும் கேட்காமல், டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அரை லீற்றர் பாலும் அடுப்பில்.

"அந்த மெஷினைக் காதில போட்டால் என்ன குறைஞ்சு போவியள்?"

"நானென்ன செவிடனோ?"

"செவிடெண்டால் என்ன வெட்கம்? அந்தச் சாரதிக்கும்தான் கேக்காது!"

"ஆர்?"

"சாரதி! நடிகர் சாரதி!"

"அவருக்கென்ன?"

"ரெண்டு காதும் கேக்காது! மனுசிதான் மூக்குத்தியைத் தொட்டுத் தொட்டு நடிக்க வைக்கிறா!"

"மூக்கிலையோ வருத்தம்? பாவம்."

"காதப்பா, காது! ரெண்டு... காதும்... செவிடு!"

பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே அலுமினியப் பானை மூடி ஒன்று சீமெந்தில் உருண்டு, சுழன்று, படுத்தது.

ராஜகுமாரி கதவைத் திறந்தபோது கழுவிய பாத்திரங்கள் படியில் அடுக்கியிருந்தன. நரசிம்மனின் வான் தெரு முனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் எந்த ரகசியத்தையும் காதோடு காதாகச் சொல்ல முடியாது. சொன்னால் நாலு வீட்டுக்குக் கேட்கும். இது அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும் வாய் எப்படித் திறந்தது? இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவிக்கும்போது இரண்டு தடவை நீத்துப்பெட்டியில் மாவுக்குப் பதிலாகச் சீனியைப் போட்டாள்.

மறுநாள் விடிய வேதவல்லி வரவில்லை. நரசிம்மன் மட்டும் வந்தார்.

"தங்கச்சி எங்க?" என்றாள் ராஜகுமாரி.

"புரொடியூசர் சம்சாரம் அவங்களை ஷாப்பிங் கூட்டிட்டுப் போறாங்க. தினமும் வெயில்லயும் காத்துலயும் நிக்கிறாங்களே, ஒருநாள் ரெஸ்ட் எடுக்கட்டும்னு."

"ஆர் ரெஸ்ட் எடுக்கச் சொன்னது?"

நரசிம்மன் பானையின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கனவே துடைத்த கைப்பிடி.

"சொல்லிப்போட்டீங்களோ தம்பி?"

"நான் சம்பளம் வாங்குறவன்மா. மூணு படத்துக்குப் பணம் போடப்போறாங்க. நாளைக்கு உனக்குத் தெரியுமான்னு கேட்டா நான் என்ன சொல்றது? நானும் கேட்டதைச் சொன்னேன், அவ்வளவுதான். பொய்யா இருக்கலாமில்ல? இன்னிக்குத் தெரிஞ்சிடும்."

அவர் போனதும் ராஜகுமாரி யோகேஸ்வரனின் கைப்பேசிக்கு அடித்தாள். அவன்தான் பெண்களைக் கடைக்குக் கூட்டிப்போகிறவன். அவன் காரின் பின்சீற்றில் தயாரிப்பாளரின் மனைவி இருப்பாள், எதைச் சொல்வது? வாயைத் திறந்து ஒருதரம் கெட்டது போதாதா?

"யோகேஸ், வேதவல்லியிட்டச் சொல்லு, சொதிக்கு உப்புக் காணாதாம் எண்டு. உடன கடற்கரைக்கு வரட்டாம்."

"உப்புக்கோ? என்னக்கா விசர்க்கதை! நானே ஒரு பைக்கட் வாங்கிக்கொண்டு..."

"நான் சொன்ன சொல்லை அப்பிடியே சொல்லு! சொதிக்குக் காணாது. அவவுக்கு விளங்கும்."

விளங்குமா? அவளுக்கே தெரியவில்லை.

குரொனல்லாக் கடற்கரைக்கு அங்கால் மணல்மேடு. மேல்காற்று மணலை வாரி முகத்தில் எறிந்தது. கணேசலிங்கம் யோகேஸ்வரனின் கடை வானை நிறுத்தியதும் ராஜகுமாரி சாப்பாட்டுப் பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு மணலில் ஏறினாள். மேட்டின் உச்சியில் சாரதி, நீலச் சட்டையில், மேக்கப்போடு. பள்ளத்தில் கேமரா. அதற்குப் பக்கத்தில் வேதவல்லி நிற்கிற இடம் வெறுமையாக இருந்தது. சாரதி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்ட தகப்பன் பார்ப்பது போலிருந்தது அவளுக்கு.

சேஷாத்ரி ஆட்களிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். "ஞாபகம் இருக்கட்டும். நான் கட் சொன்னப்புறம் ஒருத்தரும் அசையக் கூடாது. பாட்டை நிறுத்திடுங்க, கேமரா ஓடட்டும். பார்ப்போம்."

தடுப்பார் யாருமில்லை. சாப்பாட்டுக்கார அம்மாவை யார் கவனிப்பது? ராஜகுமாரி போய் அந்த வெறும் இடத்தில் நின்றாள். மஞ்சள் கம்பளிச் சால்வை. தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். அவர் பார்வை அவள்மேல் வந்து நின்றது.

ஒலிபெருக்கியில் தவில் ஒருதரம் உருண்டது. காற்று அதைக் கடல் பக்கம் கொண்டுபோயிற்று. பாட்டு எடுத்தது. ராஜகுமாரி கையை உயர்த்தி, மூக்குத்தி இல்லாத தன் மூக்கைத் தொட்டாள்.

அவர் உதடு அசைந்தது. அந்த வரிக்கு அந்த வரி, அந்த மூச்சுக்கு அந்த மூச்சு. கை விரிந்தது, கால் மணலை எற்றியது, முகத்தில் இருபது வயசு வந்து உட்கார்ந்தது. நரசிம்மன் பெருமூச்சு விட்டார். "பொய்தான் சார்," என்று சேஷாத்ரியிடம் சொன்னார். அந்தக் குரலில் சந்தோஷம்தான் இருந்தது.

"இரு," என்றார் சேஷாத்ரி. "கட்!"

பாட்டு நின்றது. ஒருவரும் அசையவில்லை.

மேட்டின் மேல் அவர் பாடிக்கொண்டே இருந்தார்.

ராஜகுமாரிக்கு அப்போதுதான் உறைத்தது. தொடங்குவதற்கு என்ன சைகை என்று வேதவல்லி சொன்னாள். நிறுத்துவதற்கு? அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. மூக்கைத் திரும்பத் தொட்டாள். அவர் இன்னும் உற்சாகமாகப் பாடினார். இரண்டு கையையும் ஆட்டினாள். அவர் ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்த சரணத்துக்குப் போனார். சத்தமில்லாத பாட்டு. காற்றும் கடலும்தான் கேட்டன. பதினாறு பேர் கைகட்டி நின்று பார்த்தார்கள். ஒரு லைட்பாய் தலையைக் குனிந்துகொண்டான்.

"காணும்!" என்று ராஜகுமாரி கத்தினாள். "காணும் ஐயா! காணும், காணும்!"

நின்றவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"என்னம்மா காணோம்?"

"செயினா? எங்க போட்டீங்க?"

இரண்டு பேர் குனிந்து மணலைக் கிளறவே தொடங்கிவிட்டார்கள். "ஒண்டும் துலையேல்லை, அவரை நிப்பாட்டுங்கோ!" என்று அவள் சொன்னது காற்றில் யாருக்கும் விழவில்லை. அவர் நிறுத்தவில்லை. சைகை வராமல் ஷாட்டை விட்டு இறங்கிப் பழக்கமில்லாத மனுஷன்.

அப்போது வேதவல்லி வந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வானுக்கும் கேமராவுக்கும் நடுவால், ஒருவரையும் பார்க்காமல் நடந்தாள். ராஜகுமாரியைக் கடக்கும்போது மட்டும் ஒரு கணம் நின்றாள். திட்டப் போகிறாள் என்று ராஜகுமாரி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அவள் மேட்டில் பாதி ஏறியிருந்தாள். கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள்ளேயே நுழைந்து, முகத்துக்கு நேரே நின்று, அவர் சட்டைக் கையைத் தொட்டாள்.

அவர் வாய் நின்றது. மூச்சு வாங்கியது. "எங்க போயிட்ட வேதா? நல்லா வந்துச்சா? இன்னொண்ணு எடுக்கணுமாமா?"

வேதவல்லி கீழே நிற்பவர்களைத் திரும்பிப் பார்த்தாள். இயக்குநர், மேனேஜர், மணலில் குந்தியிருந்த இருவர், மஞ்சள் சால்வை. எல்லோருடைய முகத்தையும் பார்த்தாள். பிறகு அவரிடம் திரும்பி, உதட்டை நன்றாகக் குவித்து, ஒரே ஒரு சொல் சொன்னாள். கீழே நின்றவர்களுக்கு அது கேட்கவில்லை. ராஜகுமாரிக்கும்தான். ஆனால் தினமும் சொதி ஊற்றும்போது தான் குவித்த அந்த உதட்டசைவு அவளைவிட யாருக்குத் தெரியும்?

அவர் மனைவியின் வாயைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கீழே நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் விளங்கியது. மெதுவாகக் கையை எடுத்து, உள்ளங்கையை விரித்து, முன்னால் தட்டு ஒன்று இருப்பதைப் போல வெறும் காற்றின் மேல் மூடிப் பிடித்தார்.

வேதவல்லி அவர் இடப்பக்கம் வந்து கையைக் கோத்துக்கொண்டாள். இருவரும் மேட்டின் மறுபக்கமாகக் கடலை நோக்கி இறங்கினார்கள். தலை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்த சேஷாத்ரி, "கட்," என்றார் மறுபடியும், யாருக்கென்று இல்லாமல்.

சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கணேசலிங்கம் மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தார்.

"என்னப்பா சனமெல்லாம் உப்பிடி நிக்குது? என்ன நடந்தது?"

ராஜகுமாரி அவர் கையைத் தொட்டாள். முகத்துக்கு நேரே வந்தாள். இருபத்தொன்பது வருஷக் கல்யாணத்தில் அந்த மனுஷனிடம் கத்திச் சொல்ல அவளுக்குச் சத்தம் வராமல் போனது அன்றைக்குத்தான்.